வில்லியம் கஃபி: நாடுகடத்தப்பட்ட தையல்காரரும் நம்மிடம் தங்கிவிட்ட சட்டமும்

1870ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள டாஸ்மேனியத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில், ஆதரவற்ற முதியோருக்கான அரசு இல்லம் ஒன்றில் 82 வயதுடைய கறுப்பினத் தையல்காரர் ஒருவர் இறந்தார். அவர் பெயர் வில்லியம் கஃபி. இங்கிலாந்தின் பேரரசிக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, ஆயுள் முழுவதற்கும் நாடுகடத்தப்பட்டவர் அவர்.

அதே 1870ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்த்தது. ஒன்று, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தலைத் தண்டிக்கும் 121ஏ. மற்றொன்று, நாம் அனைவரும் அறிந்த 124ஏ. இவற்றுள் முதலாவது, எந்தச் சட்டத்தின் கீழ் கஃபி தண்டிக்கப்பட்டாரோ அந்தச் சட்டத்தின் வார்ப்பிலேயே வடிக்கப்பட்டது.

கஃபி இந்தியாவுக்கு வந்தவரல்லர். அவருடைய வழக்கிற்கும் சாதிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், பிறப்பாலும் தொழிலாலும் தாழ்த்தப்பட்ட ஒருவர் அரசியல் உரிமை கேட்டபோது அரசு என்ன செய்தது, பத்திரிகைகள் என்ன செய்தன, வரலாறு அவரை எப்படி மறந்தது, பின்னர் எப்படி மீட்டது என்பதை அறிய அவருடைய வாழ்க்கை ஒரு தெளிவான சான்று. தண்டனை பெற்றவர்களின் பதிவேடுகளிலிருந்து ஒரு மனிதரை மீட்டெடுப்பது எப்படி என்பதற்கும் அது ஒரு பாடம்.

அடிமையின் பேரன் அல்ல, மகன்

கஃபியின் தந்தை சாத்தம் கஃபி, கரீபியக் கடலிலுள்ள செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாக இருந்தவர். விடுதலை பெற்று இங்கிலாந்து வந்த அவர், போர்க்கப்பலில் சமையற்காரராகப் பணிபுரிந்தார். கஃபி என்ற பெயர், வெள்ளிக்கிழமையில் பிறந்த ஆண் குழந்தைக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் இடும் கோஃபி என்ற பெயரின் திரிபாகக் கருதப்படுகிறது. தாய் ஜூலியானா ஃபாக்ஸ், கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளையினப் பெண்.

வில்லியம் 1788இல் பிறந்தார். கென்ட் மாவட்டத்து ஜில்லிங்ஹாமில் உள்ள தேவாலயப் பதிவேட்டில் அவருடைய திருமுழுக்குப் பதிவு உள்ளது. பிரிட்டன் தன் கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் தொகுதி சிட்னியை அடைந்து ஆஸ்திரேலியாவில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியதும் அதே 1788இல்தான்.

பிறவியிலேயே முதுகெலும்பும் கால் எலும்புகளும் வளைந்திருந்தமையால், அமர்ந்து செய்யத்தக்க தையற்தொழிலில் அவர் பழக்கப்படுத்தப்பட்டார். அவருடைய உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. இளம் வயதில் லண்டனுக்கு இடம்பெயர்ந்து கூலித் தையல்காரராக வாழ்ந்தார். மூன்று முறை திருமணம் செய்தார். முதல் இரு மனைவியரும் இறந்துவிட்டனர். மூன்றாவது மனைவி மேரி ஆன் இறுதிவரை அவருடன் வாழ்ந்தார்.

நாற்பத்தைந்து வயதுவரை கஃபி அரசியலில் முன்னணியில் நின்றவர் அல்லர். 1834ஆம் ஆண்டு லண்டன் தையல்காரர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அவர் வாழ்வைத் திருப்பியது. அந்த வேலைநிறுத்தத்தை அவர் தொடக்கத்தில் விரும்பவில்லை என்றே அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் கூறுகின்றன. ஆனால் உடன் உழைப்போர் இறங்கியபோது தாமும் இறங்கினார். வேலைநிறுத்தம் தோற்றது. முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தவர்களை வெளியேற்றினர். கஃபி பல ஆண்டுகள் பார்த்துவந்த வேலையை இழந்தார். கூலி குறித்த போராட்டத்தைக்கூட வாக்குரிமையற்றவர்களால் வெல்ல இயலாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இதன் பின்னர்தான்.

ஆறு கோரிக்கைகள்

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் சொத்துடைய நடுத்தர வர்க்க ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. உழைக்கும் மக்களை அது வாசலில் நிறுத்தியது. அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்ததே சாசன இயக்கம் எனப்படும் சார்ட்டிசம். அதன் மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது: வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு, நாடாளுமன்ற உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்கு ஊதியம், சம அளவிலான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். பெண்களுக்கு வாக்குரிமை என்பது அந்தச் சாசனத்தில் இல்லை. அதையும் சேர்த்தே நாம் அதை நினைவில் கொள்ள வேண்டும்.

1839இல் தலைநகரத் தையல்காரர்களின் சாசனச் சங்கம் உருவாவதில் கஃபி பங்காற்றினார். 1842இல் இயக்கத்தின் தேசியச் செயற்குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைவர்கள் பலர் சிறையில் இருந்த அந்த ஆண்டில் லண்டன் இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையினத் தொழிலாளர்கள். நிறத்தால் வேறுபட்ட ஒருவரை அவர்கள் தங்கள் பேராளராக ஏற்றனர்.

ஆனால் அவரை எதிர்த்தவர்கள் அவருடைய நிறத்தையே கண்டனர். டைம்ஸ் நாளிதழ் லண்டன் சாசனவாதிகளை ‘கறுப்பு மனிதனும் அவன் கட்சியும்’ என்று எள்ளியது. பஞ்ச் என்னும் நகைச்சுவை இதழ் அவருடைய தோற்றத்தையும் உடல் வளைவையும் பேச்சையும் கேலிப்பொருளாக்கியது. கணவரின் அரசியலுக்காக, வீட்டுவேலை செய்துவந்த மேரி ஆன் தன் வேலையை இழந்தார். அவருடைய கோரிக்கைக்கு மறுமொழி சொல்ல இயலாதவர்கள் அவருடைய பிறப்பைப் பேசினர். ஒரு தலித் பேராளரின் ஆங்கிலத்தையும் உடையையும் நிறத்தையும் நம் காலத்து ஊடகங்கள் பேசும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

1848: மனுவும் மைதானமும்

1848 பிப்ரவரியில் பிரான்சில் மன்னராட்சி வீழ்ந்தது. ஐரோப்பா முழுவதும் கிளர்ச்சி பரவியது. லண்டனில் சாசனவாதிகள் தங்கள் மூன்றாவது பெருமனுவை நாடாளுமன்றத்திடம் அளிக்க ஏப்ரல் 10ஆம் நாளைத் தேர்ந்தனர். கென்னிங்டன் திடலில் கூடி அங்கிருந்து ஊர்வலமாகச் செல்வது திட்டம். ஊர்வலத்தை ஒழுங்குசெய்யும் குழுவின் தலைவர் கஃபி.

அரசு அஞ்சியது. பேரரசி விக்டோரியா லண்டனை விட்டு வைட் தீவிற்கு அனுப்பப்பட்டார். பல்லாயிரக்கணக்கான நடுத்தர வர்க்கத்தினர் சிறப்புக் காவலர்களாக உறுதிமொழி எடுத்தனர். படைகள் மறைவிடங்களில் நிறுத்தப்பட்டன. தேம்ஸ் ஆற்றுப் பாலங்களைக் காவல்துறை மறித்தது. இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ’கானர் ஊர்வலத்தைக் கைவிடுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். மனு வாடகை வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டது. பாலங்களுக்கு அப்பால் வந்த பின்னர் பின்வாங்குவதெனில் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று கஃபி சினந்தார்.

மனுவில் 57 இலட்சம் கையொப்பங்கள் இருப்பதாக ஓ’கானர் கூறியிருந்தார். மக்களவை எழுத்தர்கள் எண்ணி, 19,75,496 என்று அறிவித்தனர். போலிக் கையொப்பங்கள் சிலவற்றைச் சுட்டி அவை சிரித்தது. ஏறக்குறைய 20 இலட்சம் பேர் வாக்குரிமை கேட்டிருந்தனர் என்ற செய்தி அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போனது.

சட்டமும் உளவாளியும்

அந்த ஏப்ரல் மாதத்திலேயே நாடாளுமன்றம் இராசத்துரோகப் பெருங்குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்க எண்ணுதல் இராசத்துரோகம். அதற்குரிய தண்டனை மரணம். 1839இல் நியூபோர்ட் எழுச்சிக்காக ஜான் ஃபிராஸ்ட் முதலியோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. மரண தண்டனை என்றால் நடுவர் குழுவினர் குற்றத்தீர்ப்பு வழங்கத் தயங்குவர். தூக்கிலிட்டால் தியாகிகள் உருவாவர். எனவே புதிய சட்டம் அவற்றுள் பல செயல்களைப் பெருங்குற்றம் என்று வகைப்படுத்தி, ஆயுள் முழுவதற்குமான நாடுகடத்தலைத் தண்டனையாக்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் தண்டனை குறைந்தது போலத் தோன்றும். நடைமுறையில், குற்றத்தீர்ப்புப் பெறுவது எளிதாயிற்று. தண்டனையின் கடுமை குறையும்போதே சட்டத்தின் வலை அகல்வதுண்டு என்பதைச் சட்டம் பயில்வோர் இங்குக் கவனிக்க வேண்டும்.

அமைதியான வழி மூடப்பட்டபின் இயக்கத்தின் ஒரு பகுதியினர் இரகசியக் கூட்டங்களை நடத்தினர். ஆகஸ்ட் மாதம் ஆயுதக் கிளர்ச்சிக்கான திட்டம் பேசப்பட்டது. அந்தக் குழுவில் கஃபி இருந்தார். அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் ஏதுமறியாதவர் என்று சொல்லி அவரை நாம் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் கூட்டங்களில் காவல்துறையின் ஆட்களும் இருந்தனர். தாமஸ் பவல் என்ற தச்சர், ஜான்சன் என்ற பொய்ப்பெயரில் குழுவிற்குள் நுழைந்தவர். ஜார்ஜ் டேவிஸ் என்பவர் மற்றொருவர். ஆகஸ்ட் 16 அன்று காவல்துறை மதுக்கடைகளில் கூடியிருந்தோரைக் கைதுசெய்தது. சில நாட்களில் கஃபியும் கைதானார். மற்றவர்கள் தப்பியோடச் சொன்னபோதும் அவர் தம் தோழர்களை விட்டுச் செல்ல மறுத்தார் என்று கூறப்படுகிறது.

செப்டம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. காட்டிக்கொடுக்கும் நோக்கத்துடனேயே அவர்களைத் தாம் ஊக்கப்படுத்தியதாகப் பவல் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவருடைய சாட்சியம் ஏற்கப்பட்டது.

இந்த வழக்குகளின் தொடர்ச்சியாக, ஜார்ஜ் முல்லின்ஸ் என்ற மற்றொரு சாசனவாதியின் வழக்கில், உளவாளி குற்றத்தின் உடந்தையாளர் ஆகார் என்றும், எனவே உடந்தையாளரின் சாட்சியத்திற்குத் தேவைப்படும் அதே அளவு துணைச்சான்று அவருக்குத் தேவையில்லை என்றும் கருத்துரைக்கப்பட்டது. அந்த முல்லின்ஸ் வழக்கு இந்தியச் சாட்சியச் சட்ட உரைநூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அப்ரூவருக்கும் உளவாளிக்கும் பொறிவைப்புச் சாட்சிக்கும் இடையே நம் நீதிமன்றங்கள் வரையும் கோட்டின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று, 1848இல் லண்டன் தொழிலாளர்களைத் தண்டிக்க வரையப்பட்டது.

சமமானவர்களின் தீர்ப்பு

விசாரணையின் தொடக்கத்தில் கஃபி எழுப்பிய மறுப்பு, சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மகா சாசனத்தின்படி தமக்குச் சமமானவர்களால் விசாரிக்கப்படும் உரிமை தமக்குண்டு என்றார். நடுவர் குழுவில் அமரச் சொத்துத் தகுதி விதிக்கப்பட்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் கடைக்காரர்களும் சொத்துடையோரும். கூலிக்கு உழைக்கும் தையல்காரராகிய தமக்குச் சமமானவர்கள் அந்தப் பெட்டியில் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. நீதிமன்றம் அதை ஒதுக்கித் தள்ளியது.

நடுவர் குழு முறை இந்தியாவில் மறைந்துவிட்டது. ஆனால் கேள்வி மறையவில்லை. புகாரைப் பதிவுசெய்யும் காவலர், புலனாய்வு அதிகாரி, அரசு வழக்கறிஞர், நீதிபதி ஆகியோருள் பாதிக்கப்பட்டவரின் வாழ்நிலையை உள்ளிருந்து அறிந்தவர் எத்தனை பேர்? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை நடத்தும் எவரும் இக்கேள்வியை மனத்தில் சுமந்தே நீதிமன்றத்திற்குள் நுழைகின்றனர்.

குற்றத்தீர்ப்பு வந்தபின் கஃபி பேசினார். தமக்கு இரக்கம் வேண்டாம் என்றார். பத்திரிகைகள் தம்மைக் கேலியால் நெரித்துவிட முயன்றன என்றார். இத்தகைய உளவாளிகளைக் கொண்டு வழக்கு நடத்த நேர்ந்த அரசின் மீதே தாம் இரங்குவதாகவும் கூறினார். ஆயுள் முழுவதற்கும் நாடுகடத்தல் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 60.

பதிவேட்டில் ஒரு மனிதர்

தண்டனை பெற்றோர் நியூகேட் சிறையில் இருந்தபோது, உடன் தண்டிக்கப்பட்ட ஓவியர் வில்லியம் டவ்லிங், கஃபியின் உருவத்தை வரைந்தார். கஃபி எப்படி இருந்தார் என்று நாம் இன்று அறிவது பெரிதும் அந்த ஓவியத்தால்தான். பஞ்ச் இதழின் கேலிச்சித்திரக்காரர் அவரைக் கோமாளியாக்கினார். உடன்கைதி அவரை நேர்ப் பார்வையும் அமைதியும் உடைய மனிதராக வரைந்தார்.

1849 ஆகஸ்டில் அடிலெய்ட் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டு, நவம்பர் இறுதியில் ஹோபார்ட்டை அடைந்தார். அத்தீவிற்கு அப்போது வான் டீமன் நிலம் என்று பெயர். 1803 முதல் 1853 வரையிலான அரை நூற்றாண்டில் அங்குச் சுமார் 75,000 கைதிகள் கொண்டுவரப்பட்டனர்.

அந்தத் தண்டனைக் குடியேற்றம் வெற்று நிலத்தில் எழுந்ததன்று. அத்தீவின் தொல்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த நிலம் அது. கஃபி அங்கே கால்வைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்குள்தான் அம்மக்கள் வேட்டையாடப்பட்டு, எஞ்சியோர் ஃபிளிண்டர்ஸ் தீவிற்குப் பெயர்க்கப்பட்டனர். ஒடுக்கப்பட்ட கைதியின் கண்ணீரை எழுதும்போது, அவர் நிறுத்தப்பட்ட நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். அந்தமானைப் பற்றி எழுதும்போதும் இதே நெறி பொருந்தும்.

கைதி கரையிறங்கியதும் எழுத்தர்கள் அவரை அளந்தனர். உயரம், வயது, தோல் நிறம், முடி, கண், மூக்கு, தழும்புகள், தொழில், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பன பதிவாயின. தனியே நடத்தைப் பதிவேடு ஒன்று இருந்தது. கைதி செய்த குற்றங்கள், பெற்ற தண்டனைகள், மாற்றப்பட்ட இடங்கள், விடுவிப்புச் சீட்டு, மன்னிப்பு என அனைத்தும் அதில் ஏறின. ஓர் ஏழைத் தொழிலாளியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்க அரசு அக்கறை கொண்டது, அவர் கைதியானபோது மட்டுமே. இந்தப் பதிவேடுகள் இன்று டாஸ்மேனிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆஸ்திரேலியக் கைதிகளின் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மன்னிப்புக்குப் பின்னும் ஓயாதவர்

ஹோபார்ட்டில் கஃபி மீண்டும் ஊசியைக் கையிலெடுத்தார். 1853இல் மேரி ஆன் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். 1856இல் அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. முன்னாள் நகரத்தலைவரான ஜான் ஃபிராஸ்ட் தாய்நாடு திரும்பி, மக்கள் வரவேற்பைப் பெற்றார். கஃபி திரும்பவில்லை. அவருக்கு அப்போது வயது 68.

அதே 1856இல் டாஸ்மேனியாவும் விக்டோரியாவும் இரகசிய வாக்கெடுப்பைச் சட்டமாக்கின. லண்டனில் எந்தக் கோரிக்கையை எழுப்பியமைக்காக இகழப்பட்டாரோ, அவற்றுள் ஒன்று அவர் நாடுகடத்தப்பட்ட மண்ணில் நிறைவேறியது. பிரிட்டனில் அது 1872இல்தான் வந்தது. அதைக் காண அவர் இல்லை.

மன்னிப்புப் பெற்றபின் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். மாறாக, எசமானர் பணியாளர் சட்டத்தை எதிர்க்கும் கூட்டங்களில் அவர் பேசினார். வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டம் அது. எசமானர் மீறினால் உரிமையியல் வழக்கு. பணியாளர் மீறினால் குற்றம். கூட்டத்தினரை ‘உடனிருக்கும் அடிமைகளே’ என்று அவர் விளித்ததாக ஹோபார்ட் செய்தித்தாள்கள் பதிந்துள்ளன. அடிமையின் மகன் வாயிலிருந்து வந்த அச்சொல் அலங்காரச் சொல்லன்று.

இதே வகைச் சட்டம் நம் நாட்டிலும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டமான தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்றவர் வேலையை விட்டுச் சென்றால் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. சென்னை மாகாண மலைத்தோட்டங்களில் இச்சட்டமும் 1903ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் யார்மீது பாய்ந்தன? தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கஃபியின் பேச்சு இங்கே எட்டவில்லை. ஆனால் அவர் எதிர்த்த சட்டத்தின் உடன்பிறப்பு இங்கே ஆட்சி செய்தது.

1869இல் மேரி ஆன் இறந்தார். அதே ஆண்டு கஃபி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ந்தார். 1870 ஜூலையில் இறந்தபோது ஹோபார்ட்டின் மெர்க்குரி நாளிதழ் அவரைப் பற்றி எழுதியது. அமைதியானவர், இடைவிடாது வாசித்துக்கொண்டே இருப்பவர் என்று இல்லத்தில் அறியப்பட்டிருந்தார். பின்னாளில் நண்பர்கள் நினைவுக்கல் எழுப்ப விரும்பக்கூடும் என்று கருதி, அவர் புதைக்கப்பட்ட இடம் குறித்துவைக்கப்பட்டது.

கடல் கடந்து வந்த பிரிவு

இனி 1870ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திற்கு வருவோம். 121ஏ, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கவோ குற்ற வன்முறையால் அரசை அச்சுறுத்தவோ சதி செய்வதைத் தண்டித்தது. எந்தச் செயலும் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை, சதி போதும். தண்டனை, ஆயுள் முழுவதற்குமான தீவாந்திரம். உடன் பிறந்த 124ஏ, அரசின்மீது வெறுப்பை ஊட்டும் சொல்லைத் தண்டித்தது. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்குத் தீவாந்திரத் தண்டனை விதிக்கப்பட்டது இந்த 124ஏவை உள்ளடக்கிய வழக்கில்தான். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1871இல், குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்தது. ஓராண்டு இடைவெளியில் அரசு, எண்ணத்தையும் சொல்லையும் குற்றமாக்கியது. அடுத்துப் பிறப்பையே குற்றமாக்கியது. 1920களில் வட இந்தியாவின் பாந்து மக்கள் இச்சட்டத்தின் முத்திரையுடனேயே அந்தமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர்.

தீவாந்திரம் என்ற சொல் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்கி, ஆயுள் சிறை என்றானது. ஆனால் பிரிவுகள் நின்றன. 124ஏவின் கீழான நடவடிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 121ஏ, 148ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இறையாண்மைக்கு ஊறுவிளைக்கும் செயல்கள் என்ற பெயரில் 152ஆம் பிரிவு, 124ஏ விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்துள்ளது. பிரிட்டனிலும் 1848ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இன்றளவும் நீக்கப்படவில்லை. ஆனால் அங்கே அது அருங்காட்சியகப் பொருள். இங்கே அதன் வழித்தோன்றல் பணியில் இருக்கிறது.

பதிவேட்டை வாசிக்கும் முறை

நூறாண்டுகளுக்கும் மேலாகக் கஃபி மறக்கப்பட்டிருந்தார். பிரிட்டனின் கறுப்பின மக்கள் வரலாற்றை எழுதிய பீட்டர் ஃபிரையரின் 1984ஆம் ஆண்டு நூல் அவரைப் பரந்த வாசகரிடம் கொண்டுவந்தது. 2013இல் மார்ட்டின் ஹாய்ல்ஸ் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தேவாலயப் பதிவு, நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பு, கப்பல் பட்டியல், நடத்தைப் பதிவேடு, செய்தித்தாள் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே இந்த வாழ்க்கை கோர்க்கப்பட்டது. கஃபி தாமே எழுதிய தன்வரலாறு இல்லை. அவரைப் பற்றிய சான்றுகளுள் பெரும்பகுதி அவரைத் தண்டித்தவர்களாலும் எள்ளியவர்களாலும் எழுதப்பட்டது.

நம் முன்னோர் பலரின் நிலையும் இதுவே. சென்னை மாகாணத்திலிருந்து பினாங்கிற்கும் அந்தமானுக்கும் அனுப்பப்பட்டோருள் பெயர் அறியப்பட்டோர் சிலர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் போன்றோர். மற்ற பல்லாயிரவர் எண்களாக இருக்கின்றனர். ஆய்வுக்கு வரும் மாணவர்கள் மூன்றைக் கருத்தில் கொள்ளலாம்.

முதலாவது, குற்றத்தின் பெயரை அப்படியே நம்பாதீர்கள். பண்ணையாரின் தானியக் களஞ்சியத்தை உடைத்தவர் பதிவேட்டில் கொள்ளையராகத்தான் இருப்பார். அந்த ஆண்டு அவ்வூரில் பஞ்சம் இருந்ததா என்பது வேறொரு கோப்பில் இருக்கும். இரண்டாவது, ஒரே ஆவணத்தில் நிற்காதீர்கள். நீதிமன்றம் சதிகாரர் என்றது, பஞ்ச் கோமாளி என்றது, முதியோர் இல்லம் வாசகர் என்றது. மூன்றையும் சேர்த்தால்தான் கஃபி தெரிகிறார். மூன்றாவது, தண்டனையோடு கதையை முடிக்காதீர்கள். தண்டனைக்குப் பின் அம்மனிதர் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார், உழைத்தார், மீண்டும் பேசினார்.

இங்கே சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி அடிப்படையிலான வேலைப் பிரிவினையைச் செல்லாததாக்கியது. கைதிகளின் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கவும் ஆணையிட்டது. கழிவகற்றும் பணிக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கப் பயன்பட்ட கட்டம் அது. அதை நீக்கியது மிகச் சரி. ஆனால் நீக்கம் என்பது இன்றைய பதிவேட்டுக்கு உரியது. பழைய பதிவேடுகள் அழியாமல் காக்கப்பட வேண்டும். சிறைகளில் பட்டியல் சாதியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிடக் கூடுதலாக உள்ளது என்று நாம் வாதிட முடிவது, அந்த எண்ணிக்கை எங்கோ பதிவாகி வெளியாவதால்தான். கைதியை இழிவுபடுத்தும் கட்டமாக அன்றி, அரசைக் கேள்வி கேட்கும் சான்றாகச் சாதித் தரவு தொகுக்கப்படுவது எப்படி என்பதை நம் இயக்கங்கள் இப்போதே விவாதித்தாக வேண்டும்.

கஃபி கேட்ட ஆறில் ஐந்து, காலப்போக்கில் பிரிட்டனில் சட்டமாயின. ஆண்டுதோறும் தேர்தல் என்பது மட்டும் எஞ்சியது. இந்தியாவில் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் வாக்குரிமையை விரிவாக்கக் கோரிய அம்பேத்கர், 1928இல் சைமன் குழுவிடம் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். 1950இல் அரசமைப்பின் 326ஆம் பிரிவு அதைப் பெண்களையும் உள்ளடக்கி அளித்தது. நம் கையிலுள்ள வாக்குச் சீட்டுக்கும், நம்மீது தொடுக்கப்படும் சதி வழக்குகளுக்கும் ஒரே காலத்தில் வேர்கள் உள்ளன. உரிமை கேட்டவர்களும் அவர்களைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியவர்களும் அதே 1848இல் லண்டனின் எதிரெதிர் கரைகளில் நின்றனர். ஒரு கரையின் கோரிக்கை நமக்கு அரசமைப்பாக வந்தது. மறுகரையின் சட்டத்தை நீக்கும் பணி இன்னும் நம்மிடமே இருக்கிறது.